பாரடி, பகடி, போலி: ஒரு கலைச்சொல்லின் பொருளெல்லை

1. முன்னுரை

இன்றைய தமிழ்த் திறனாய்வில் பெருவழக்குப் பெற்றுள்ள சொற்களுள் 'பகடி' என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் 'பாரடி' என வழங்கும் இலக்கிய வகையைக் குறிக்கும் நிகரனாக இச்சொல் நூல் மதிப்புரைகளிலும் ஆய்வேடுகளிலும் கையாளப்பட்டு வருகின்றது. ஆனால் அதே சொல் அங்கதம், முரண்நகை, எள்ளல், வெறும் நகைச்சுவை ஆகிய அனைத்திற்கும் பொதுப்பெயராகவும் வழங்குவதைக் காண்கிறோம். ஒரு சிறுகதையில் அரசியல்வாதி கேலி செய்யப்பட்டால் அதுவும் பகடி. ஒரு பாத்திரம் தன்னைத் தானே இகழ்ந்து பேசினால் அதுவும் பகடி. ஒரு காப்பியத்தின் நடையை அப்படியே எடுத்தாண்டு அற்பப் பொருளைப் பாடினால் அதுவும் பகடி. பல பொருளுக்கு ஒரு சொல் அமைவது மொழியில் இயல்பே. எனினும் கலைச்சொல்லாக நிற்கும் ஒன்று தன் பொருளெல்லையை இழக்குமாயின் அதனால் விளையும் இழப்பு சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. அச்சொல்லைக் கொண்டு படைப்பை அணுகுவோர் எதைக் காணத் தவறுகின்றனர் என்ற வினா அங்கு எழுகின்றது.

பாரடி என்பதன் அடிப்படைக் கூறு சிரிப்பு அன்று. முன்னரே உள்ள ஒரு பனுவலோடு அது கொள்ளும் உறவே அதன் அடிப்படை என்பதும், தமிழில் வழங்கும் நிகரன்கள் சிரிப்பை மட்டும் சுட்டி அவ்வுறவைக் கைவிட்டுவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்வுறவைச் சுட்டுவதற்குத் தமிழ் இலக்கண, தருக்க மரபுகளிலேயே ஒரு சொல் உள்ளது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றது.

2. சொல்லின் மூலப்பொருள்

'பாரடி' என்ற சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் 'பரோடியா' என்பதாகும். 'ஓடே' என்பது பாடல். 'பரா' என்னும் முன்னொட்டு 'அருகில்', 'உடன்' என்ற பொருளையும் 'எதிராக' என்ற பொருளையும் ஒருங்கே உடையது. எனவே அருகிருந்து பாடும் பாடல் எனவும் எதிர்நின்று பாடும் பாடல் எனவும் இச்சொல் பொருள்படும். இவ்விரு பொருளுள் எதனை முதன்மையாகக் கொள்வது என்பதே பிற்காலக் கோட்பாட்டு விவாதங்கள் பலவற்றிற்கு அடிப்படையாயிற்று.

அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலின் 2ஆம் இயலில் தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹெகமோன் என்பவரைப் பரோடியா பாடியவருள் முதல்வராகக் குறிப்பிடுகிறார். மனிதர்களை அவர்கள் உள்ள நிலையினும் தாழ்த்திக் காட்டும் படைப்புகளுக்கு எடுத்துக்காட்டாகவே அவர் இதனைக் கூறுகிறார். ஹோமரின் காப்பிய யாப்பிலும் நடையிலும் தவளைகளும் எலிகளும் நடத்தும் போரைப் பாடும் கிரேக்கச் செய்யுள் ஒன்று இவ்வகைக்குத் தொன்மையான சான்றாக நமக்குக் கிடைத்துள்ளது. இங்கு யாப்பு காப்பியத்தினுடையது, பொருள் அற்பமானது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பொருந்தாமையே நகையைத் தோற்றுவிக்கின்றது. ஹோமரை அறியாதவனுக்கு இச்செய்யுள் விலங்குக் கதையாகவே தோன்றும்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய அணியியலாளர் குவின்டிலியன், பிற பாடல்களை ஒத்து இசைக்கப்பட்ட பாடல்களுக்கு உரிய பெயர் பின்னர் செய்யுளிலும் உரைநடையிலும் அமையும் ஒப்புமையாக்கத்திற்கு நீட்டி வழங்கப்பட்டது என விளக்குகிறார். இவ்விளக்கத்தில் ஒத்தமைதலே முதன்மை பெறுகின்றது. ஆங்கிலத்தில் பென் ஜான்சனின் நாடகமொன்றில், 1616ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள வடிவத்தில், இச்சொல் இடம்பெறுகின்றது. அங்கு அது மூலத்தினும் நகைப்புக்கிடமாக ஆக்குதல் என்ற பொருளோடு வருகின்றது. ஆயின் 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி தரும் விளக்கத்தில் நகைப்பு என்ற கூறே இல்லை. ஓர் ஆசிரியரின் சொற்களையோ கருத்துகளையோ எடுத்துச் சிறு மாற்றத்துடன் புதியதொரு நோக்கத்திற்குப் பொருத்துதல் என்ற அளவிலேயே அது அமைகின்றது.

இசைத்துறையிலும் இதற்குச் சான்றுண்டு. ஐரோப்பியத் திருச்சபை இசையில் 16ஆம் நூற்றாண்டில் பெருவழக்காயிருந்த ஒரு வகை, முன்னரே அமைந்த இசைப்பாடலொன்றின் பல குரலமைப்பை எடுத்துப் புதிய வழிபாட்டிசையை உருவாக்கியது. இதனையும் இசையியலாளர் பாரடி என்றே வழங்கினர். இதில் கேலி சிறிதும் இல்லை.

20ஆம் நூற்றாண்டுக் கோட்பாட்டாளருள் லிண்டா ஹட்சியன் 1985இல் வெளியிட்ட தம் நூலில், 'பரா' என்பதன் 'அருகில்' என்ற பொருளை மீட்டெடுத்து, விமரிசன இடைவெளியுடன் கூடிய மீளுரைப்பே பாரடி என வரையறுத்தார். மார்கரெட் ரோஸ் 1993இல் வெளியிட்ட நூலில் நகைக்கூற்றை விலக்குவது பொருந்தாது என வாதிட்டார். இவ்விருவரும் வேறுபடும் இடம் நகை இன்றியமையாததா என்பது. ஒன்றுபடும் இடம், மூலப்பனுவல் இன்றியமையாதது என்பது. கலைச்சொல்லாக்கத்திற்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது இந்த ஒன்றுபடும் இடத்தையே ஆகும்.

3. பிற இந்திய மொழிகளில் நிகரன்கள்

இக்கருத்தை இந்திய மொழிகள் எவ்வாறு பெயரிட்டுள்ளன என்பதை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். மராத்தியில் 'விடம்பன' என்ற சொல் நிலைபெற்றுள்ளது. வடமொழியில் 'விடம்பன' என்பது ஒத்துச் செய்தல், இகழ்தல் என்ற இரு பொருளையும் உடையது. ஆகவே மராத்தி தேர்ந்த சொல் உறவையும் நகையையும் ஒருங்கே சுட்டுகின்றது. பி.கே. அத்ரே 'கேசவகுமார்' என்ற புனைபெயரில் 1925இல் வெளியிட்ட 'ஜேண்டூசீ ஃபுலே' என்னும் தொகுப்பு, ரவிகிரண் மண்டலத்தைச் சேர்ந்த கவிஞர்களின் நடையையும் பாடுபொருளையும் எடுத்தாண்டு எள்ளிய கவிதைகளைக் கொண்டது. இத்தகைய கவிதைகளுக்கு மராத்தியர் வழங்கும் பெயர் 'விடம்பன காவியம்'. இப்பெயரைக் கேட்ட மராத்தி வாசகர் உடனே வினவுவது 'யாருடைய கவிதைக்கு?' என்பதாகும். சொல்லே அவ்வினாவை எழுப்பவல்லதாக உள்ளது.

கன்னடத்தில் வழங்கும் 'அணகவாடு' என்பதில், பழிப்புக் காட்டுதலைக் குறிக்கும் சொல்லும் பாடலைக் குறிக்கும் சொல்லும் இணைந்துள்ளன. கிரேக்கச் சொல்லின் இரு உறுப்புகளும் இங்கு ஏறத்தாழ நிகராக அமைந்துவிடுகின்றன. தெலுங்கு, வங்காளம், மலையாளம், இந்தி ஆகியன பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லையே கடன் பெற்று வழங்குகின்றன. தெலுங்கில் ஜலசூத்ரம் ருக்மிணிநாத சாஸ்திரி இவ்வகையில் பெற்ற புகழ், கடன்சொல்லும் ஒரு மொழியில் வேரூன்ற இயலும் என்பதைக் காட்டுகின்றது.

தமிழில் இக்கடன்சொல் வேரூன்றாமைக்கு ஒலியமைப்பும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. 'பாரடி' என எழுதினால் 'பார் அடி' எனப் பிரிந்து பெண்பால் விளியாக மயங்குகின்றது. 'பேரடி' என எழுதினால் 'பெரிய அடி' எனப் பொருள்படுகின்றது. எனவே தமிழ் தன் சொல் வளத்திலிருந்தே ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று.

4. தமிழ்ச் சொற்களின் பொருட்பரப்பு

தமிழில் இக்கருத்தைச் சுட்டப் பயன்படும் சொற்கள் அங்கதம், எள்ளல், நையாண்டி, கேலி, பகடி என்பன.

அங்கதம் தொல்காப்பியச் செய்யுளியலில் இடம்பெறும் சொல். செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என அது இருவகைப்படும். வசையை வெளிப்படையாகக் கூறுவது முன்னையது. மறைத்துக் கூறுவது பின்னையது. வசையின் வெளிப்பாட்டு முறையே இங்குப் பகுப்பிற்கு அடிப்படை. வசைக்குரியோர் உண்டு, வசைமொழி உண்டு, ஆனால் மூலப்பனுவல் என ஒன்று இவ்வரையறையில் இடம்பெறவில்லை. எனவே ஆங்கிலத்தின் 'சட்டயர்' என்பதற்கு அங்கதம் பொருத்தமான நிகரன்; பாரடிக்கு அன்று.

எள்ளல் மெய்ப்பாட்டியலில் நகைக்குக் காரணமாகக் கூறப்படும் நான்கனுள் ஒன்று. ஏனையவை இளமை, பேதைமை, மடன் என்பன. இந்நான்கனுள் ஒன்றைப் போலச் செய்தல் தனித்துக் கூறப்படவில்லை. பரதரின் நாட்டிய சாத்திரத்தின் 6ஆம் இயல் இவ்விடத்தில் வேறுபடுகின்றது. சிருங்காரத்தைப் போலச் செய்வதே ஆசியச் சுவை எனக் கூறி, ஒப்புமையாக்கத்திலிருந்து நகை பிறக்கும் என்ற கருத்திற்கு அது வித்திடுகின்றது. இதற்கு உரை வகுத்த அபிநவகுப்தர், சிருங்காரம் மட்டுமன்றி எந்தச் சுவையும் தகாவிடத்துத் தோற்றமாக நிகழுமாயின் நகை பிறக்கும் என விரித்துரைக்கிறார். இவ்வாறு தோன்றும் போலித்தோற்றத்தை வடமொழியார் 'ஆபாசம்' என்றனர். இச்சொல்லைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

நையாண்டி நாட்டார் வழக்கிலிருந்து வந்த சொல். கரகாட்டம் முதலியவற்றிற்குரிய இசைக்குழு 'நையாண்டி மேளம்' எனப் பெயர் பெற்றிருப்பது நாமறிந்ததே. கேலி, கிண்டல் என்பன பேச்சு நிகழ்வைச் சுட்டுவன. பகடியும் அடிப்படையில் பேச்சு நிகழ்வையே சுட்டுகின்றது. 'பகடி பேசுதல்', 'பகடி பண்ணுதல்' என்ற வழக்குகளில் எதிரிலிருப்பவரைப் பரிகசிப்பதே பொருள். இலங்கைத் தமிழில் இது 'பகிடி' என வழங்கும். கல்வி நிலையங்களில் மூத்த மாணவர் புதியவரைத் துன்புறுத்தும் செயலுக்கு அங்குள்ள பெயர் 'பகிடிவதை'. இவ்வாட்சி, சொல்லின் உட்பொருளைத் தெளிவாகக் காட்டுகின்றது. பகடிக்குத் தேவை ஒரு பரிகசிப்பவரும் பரிகசிக்கப்படுபவரும். ஒரு பனுவல் அன்று.

ஆக, இச்சொற்கள் அனைத்தும் விளைவின் பெயர்கள். வினைமுறையின் பெயர்கள் அல்ல. நகை தோன்றியது என்பதை அவை கூறுகின்றன; எதனைப் போலச் செய்ததால் தோன்றியது என்பதைக் கூறவில்லை.

5. நகையின் இலக்கு

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைச் சில படைப்புகளைக் கொண்டு விளக்கலாம்.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சி மாநகரத் தெருக்களில் நிகழ்கின்றது. கள்ளுண்ட காபாலிகனும் பௌத்தத் துறவியும் மண்டையோட்டுக் கலத்திற்காகப் பூசலிடுகின்றனர். சமயத்தாரின் ஒழுக்கக்கேடு இங்கு எள்ளி நகையாடப்படுகின்றது. இன்றைய வழக்குப்படி இதனைப் பகடி எனக் கூறுவோர் உண்டு. ஆனால் இது குறிப்பிட்ட ஒரு பனுவலை எடுத்து அதன் மேல் கட்டப்பட்டதன்று. வாழ்வின் மீது கட்டப்பட்டது. எனவே இது அங்கத நாடகம்.

இதற்கு மாறாக, 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை நோக்குவோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து காலட்சேப மேடைகளில் பெரும் செல்வாக்குடன் விளங்கியது. நந்தனார் கதை 1935இலும் 1942இலும் திரைப்படமாகவும் வந்தது. ஆதலின் 1949இல் திரையரங்கிலிருந்தோர் மூலத்தை நன்கறிவர். நந்தனார் சிதம்பரம் செல்ல ஏங்கினார். கிந்தனாரோ கல்வி பெற ஏங்கினார். காலட்சேபத்தின் கதைப்போக்கு, இடையிடையே வரும் பாட்டு, பாகவதரின் குரல் ஏற்றத்தாழ்வு ஆகிய அனைத்தும் மூலத்தினுடையவை. பாடுபொருள் ஒன்றே மாறியது.

இங்கு நகைக்கு இலக்கானது எது? நந்தனார் அல்லர், அவர் பட்ட துன்பமும் அன்று. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவனுக்குக் கோயில் வாயில் மறுக்கப்பட்ட கதையின் வடிவத்தில், அவனுக்குப் பள்ளி வாயிலும் மறுக்கப்படும் நிலை எடுத்துரைக்கப்படுகின்றது. மூலத்தின் அவலம் புதிய பனுவலின் வாதத்திற்கு வலுவூட்டுகின்றது. இதனைப் பகடி என்று மட்டும் கூறி அமைவோமாயின், நந்தனார் கேலி செய்யப்பட்டார் என்ற தவறான பொருளுக்கு இடமளித்தவர்களாவோம். மூலத்தின் அருகிருந்து பாடும் பாடல் என்ற 'பரா'வின் முதற்பொருளுக்கு இதனினும் சிறந்த தமிழ்ச் சான்று காண்டல் அரிது.

6. நகையற்ற எதிர்ப்படைப்பு

'எதிராக' என்ற இரண்டாம் பொருளுக்குச் சான்று நம் அண்டை மொழியில் உள்ளது. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி' என்னும் மலையாள நாடகம் 1952இல் அரங்கேறிக் கேரள அரசியல் வரலாற்றிலேயே இடம்பெற்றது. 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்' என்பது அதன் பொருள். சிவிக் சந்திரன் 1995இல் இதற்கு எதிராக 'நிங்ஙளாரெ கம்யூணிஸ்டாக்கி' என்னும் நாடகத்தைப் படைத்தார். 'நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்' என்பது இதன் பொருள். தலைப்பில் ஒரு சொல்லே மாறியுள்ளது. அந்த ஒரு மாற்றத்தில் நன்றியுரை குற்றச்சாட்டாகிவிடுகின்றது. மூல நாடகத்தின் பாத்திரங்களும் காட்சிகளும் உரையாடல்களும் புதிய நாடகத்தில் மீண்டும் வந்து வினவப்படுகின்றன.

இது பதிப்புரிமை வழக்காயிற்று. கேரள உயர்நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பில், எடுத்தாளப்பட்ட பகுதியின் அளவும் மதிப்பும், எடுத்தாண்டதன் நோக்கம், இரு படைப்புகளுக்கும் இடையே போட்டி ஏற்படும் வாய்ப்பு ஆகியவற்றை ஆராய்ந்து, இது விமரிசன நோக்குடைய எதிர்நாடகம் எனக் கொண்டு அதன் அரங்கேற்றத்திற்கு இருந்த தடையை நீக்கியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, தன் 52ஆம் பிரிவில் விமரிசனத்திற்காக நேர்மையான முறையில் எடுத்தாள்வதற்கு இடமளிக்கின்றது. பாரடி என்ற சொல் அதில் இல்லை. எனவே ஒரு படைப்பு மூலத்தின் மீதான விமரிசனமாகும் என்பதை மொழியால் நிறுவ வேண்டிய தேவை படைப்பாளிக்கு ஏற்படுகின்றது. இந்நாடகத்தைப் பகடி எனத் தமிழில் பெயரிட்டால், அதன் விமரிசன நோக்கம் மறைந்து கேலி நோக்கம் முன்னிற்கும். ஒரு சொல்லின் பொருளெல்லை ஒரு படைப்பின் உயிர்வாழ்வையே தீர்மானிக்கும் சூழலும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1994இல் ஒரு வழக்கில், மூலத்தையே விமரிசிப்பது பாரடி எனவும், மூலத்தைக் கருவியாகக் கொண்டு பிறிதொன்றை விமரிசிப்பது அங்கதம் எனவும் பிரித்துக் கண்டது. இப்பிரிவின்படி எதிர்நாடகம் பாரடியாகும், கிந்தனார் அங்கதமாகிவிடும். உரிமையாளரின் நலனைக் கருதும் சட்டத்திற்கு நகையின் இலக்கு எது என்பதே முதன்மையானது. பனுவலின் ஆக்கமுறையைக் கருதும் இலக்கிய ஆய்விற்கோ, மூலவடிவம் எவ்வாறு எடுத்தாளப்பட்டுள்ளது என்பதே முதன்மையானது. நீதிமன்ற வரையறையை அப்படியே திறனாய்விற்குக் கொணர்வது பொருந்தாது.

7. மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு

கலைச்சொல்லின் பொருள்மயக்கம் நடைமுறையில் பெரிதும் இடர் விளைவிப்பது மொழிபெயர்ப்பிலாகும். லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட 'ஆலிஸின் அற்புத உலகம்' இதற்குத் தக்க சான்று. இந்நூலில் ஆலிஸ் ஒப்புவிக்கும் பாடல்களுட் சில அக்காலக் குழந்தைகள் மனப்பாடம் செய்த நீதிப்பாடல்களின் திரிபுகள். தேனீயின் உழைப்பைப் போற்றிய ஐசக் வாட்ஸின் 1715ஆம் ஆண்டுப் பாடல், வாயைத் திறந்து மீன்களை வரவேற்கும் முதலையின் பாடலாக மாறுகின்றது. முதியவர் ஒருவர் தம் நல்வாழ்வின் காரணத்தை இளைஞனுக்கு உரைப்பதாக ராபர்ட் சதே 1799இல் வெளியிட்ட பாடல், தலைகீழாக நிற்கும் கிழவரின் பாடலாக மாறுகின்றது. 1865ஆம் ஆண்டு வாசகரான குழந்தைக்கு இம்மூலங்கள் நாவில் நின்றவை.

பாரடி என்பதை நகை எனப் புரிந்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் முதலையையும் கிழவரையும் தமிழாக்கித் தம் பணி முடிந்தது எனக் கருதுவார். பாடல் வேடிக்கையாகவே இருக்கும். ஆனால் மனப்பாடம் செய்த நீதி நாவில் தடம் புரண்டுவிட்டதே என்ற ஆலிஸின் கலக்கம், தமிழ் வாசகருக்குக் காரணமற்றதாகத் தோன்றும். அவ்விடத்தில் சிதைவது நகையன்று, கதையின் தருக்கம்.

பாரடி என்பதைப் பனுவலுறவு எனப் புரிந்துகொண்டவர்க்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மூலத்தை அறிந்த வாசகரைக் கொண்ட புதிய அடிப்படைப் பனுவலைத் தேர்தல். விளாதிமிர் நபகோவ் 1923இல் வெளியிட்ட ரஷ்ய மொழிபெயர்ப்பில் இதனையே செய்தார். ரஷ்யப் பள்ளிக் குழந்தைகள் அறிந்த புஷ்கின், லெர்மன்தவ் ஆகியோரின் பாடல்களைத் திரித்து அமைத்தார். ஆனால் அவருடைய நூலில் ஆலிஸே ஆன்யா என்னும் ரஷ்யச் சிறுமியாகிவிடுகிறாள் என்பதை மறத்தலாகாது. பாடலை மட்டும் இடம் மாற்ற இயலாது. பாடுபவளையும் மாற்றியாக வேண்டும். ஆலிஸை ஆங்கிலச் சிறுமியாகவே வைத்துக்கொண்டு அவள் வாயில் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் திரித்து வைப்பின், வாசகர் கதையை விட்டு வெளியேறிவிடுவார்.

இரண்டாவது வழி, குறிப்பிட்ட பனுவல் எதனையும் தொடாமல், தமிழ் நீதிநூல்களின் பொதுவான ஓசையையும் கட்டளைத் தொனியையும் மட்டும் எடுத்தாள்வது. இங்குப் பனுவல் திரிக்கப்படுவதில்லை. நடை மட்டுமே ஒத்துச் செய்யப்படுகின்றது. நீதி கூற வேண்டிய ஓசையில் நீதியல்லாதது ஒலிக்கின்றது என்பதை வாசகர் செவியால் உணர்வர். மூன்றாவது வழி, நேர்மொழிபெயர்ப்புடன் மூலப்பாடலின் செய்தியை அடிக்குறிப்பாகத் தருவது. இது அறிஞர் பதிப்பிற்கு ஏற்றது. குழந்தை வாசகருக்கு அன்று.

இம்மூன்றனுள் எது தக்கது என்பது நூலின் நோக்கத்தையும் வாசகரையும் பொறுத்தது. இரண்டாவது வழி, கதையின் களத்தைச் சிதைக்காமல் தருக்கத்தைக் காப்பதால் பெரும்பாலான சூழல்களில் ஏற்புடையது என்பது என் கருத்து. ஆனால் எவ்வழியைத் தேர்வதாயினும், தேர்வு உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் உணர வேண்டும். அவ்வுணர்வைத் தருவது கலைச்சொல்லே.

8. போலி என்னும் சொல்

இவ்விடத்தில் தமிழ் மரபிலுள்ள 'போலி' என்ற சொல்லை நோக்குவோம். 'போல்' என்ற அடியிற் பிறந்த இச்சொல் இன்று 'பொய்யானது', 'ஏமாற்று' என்ற பொருளில் வழங்குகின்றது. போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்ற ஆட்சிகள் காண்க. ஆனால் இலக்கண மரபில் இச்சொல்லுக்கு இழிபொருள் இல்லை. 'அறம்' என்பது 'அறன்' எனவும், 'ஐந்து' என்பது 'அஞ்சு' எனவும் வருவதைப் போலி என்றே இலக்கணம் கூறும். ஓரெழுத்து நின்ற இடத்தில் பிறிதோரெழுத்து நின்று பொருள் மாறாமல் வருவது அதன் இலக்கணம்.

தருக்க மரபிலும் இச்சொல் கலைச்சொல்லாக அமைந்துள்ளது. மணிமேகலையின் 29ஆம் காதை பௌத்த அளவையியலை விரிக்குமிடத்துப் பக்கப்போலி, ஏதுப்போலி முதலியவற்றைக் கூறுகின்றது. வடமொழியின் பக்ஷாபாசம், ஹேத்வாபாசம் என்பவற்றிற்கு அவை நிகரானவை. அதாவது, 'ஆபாசம்' என்ற வடசொல்லின் கலைச்சொற்பொருளைத் தமிழ் முற்காலத்திலேயே 'போலி' எனப் பெயர்த்துவிட்டது. பின்னர் அந்த வடசொல்லையே கடன் பெற்று, 'அருவருக்கத்தக்கது' என்ற இழிபொருளில் வழங்கலாயிற்று. ஒப்புமைத் தோற்றத்தைக் குறித்த இரு சொற்களும் தமிழில் காலப்போக்கில் ஒழுக்கக் கண்டனத்தைக் குறிக்கும் சொற்களாயின. பிறிதொன்றைப் போன்றிருப்பது குறையுடையது என்ற மனப்பாங்கு இம்மாற்றத்தில் பதிந்துள்ளது. பாரடியைப் பற்றிய நம் மதிப்பீடும் இம்மனப்பாங்கிலிருந்து முற்றும் விடுபட்டதன்று.

'பகடி' என்ற சொல்லை விலக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வழக்கு வென்ற சொல்லை அகராதி வெல்ல இயலாது. ஆனால் பொதுப்பெயராகிவிட்ட அதனைச் சிறப்புப்பொருளில் ஆளுமிடத்து 'பகடிப்போலி' எனத் தொகைச்சொல்லாக வழங்கலாம். போலி என்பது தலைச்சொல்லாக நிற்பதால் எதனைப் போன்றது என்ற வினா இயல்பாக எழும். பகடி அடைமொழியாக நிற்பதால் நோக்கம் புலப்படும். மூலத்தை எள்ளாது வினவும் படைப்பை 'எதிர்ப்போலி' எனவும், குறிப்பிட்ட பனுவலைச் சாராது நடையை மட்டும் ஒத்தமைவதை 'நடைப்போலி' எனவும் இதே முறையில் வழங்கலாம். ஆங்கிலத்தார் 'பேஸ்டீஷ்' என்பது பெரும்பாலும் இந்த இறுதி வகையே. இவ்வாறு அமைக்கும்போது தலைச்சொல் ஒன்றாகவும் அடைமொழி வேறாகவும் நின்று, இனமும் வகையும் விளங்கும்.

போலி என்பது இன்று இழிபொருள் தருவதால் படைப்பாளர் ஏற்கமாட்டார் என்ற தடை எழலாம். இத்தடைக்கு ஓரளவு வலிமை உண்டு. ஆயினும் இலக்கணத்தில் போலி பயிலும் மாணவர் 'அஞ்சு' என்பதை ஏமாற்றுச் சொல்லாகக் கருதுவதில்லை. துறைச்சூழலே கலைச்சொல்லின் பொருளைக் காக்கின்றது.

மேலும், இலக்கணப் போலியோடு ஒப்பிடுவதால் ஒரு வரையறையும் கிடைக்கின்றது. இலக்கணப் போலியில் வடிவம் மாறும், பொருள் மாறாது. இலக்கியத்தின் பகடிப்போலியில் வடிவம் மாறாது நிற்பதாகத் தோன்றும், பொருள் மாறிவிடும். நந்தனார் கிந்தனாரான இடத்திலும், 'என்னை' என்பது 'யாரை' என்றான இடத்திலும் நிகழ்ந்தது இதுவே.

9. முடிவுரை

பாரடி என்னும் கருத்து நகையையும் பனுவலுறவையும் உள்ளடக்கியது. இவற்றுள் பனுவலுறவே அதனை அங்கதத்திலிருந்தும் பிற நகை வகைகளிலிருந்தும் பிரிப்பது. மராத்தியும் கன்னடமும் இவ்விரு கூறுகளையும் சுட்டும் சொற்களைக் கொண்டுள்ளன. தமிழில் பரவியுள்ள பகடி என்ற சொல் நகையை மட்டும் சுட்டுவதால், மூலத்தைப் போற்றி அமையும் படைப்பும் மூலத்தோடு வாதிடும் படைப்பும் கேலி என்ற ஒரே வகையுள் அடங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பில் இது கதைத் தருக்கத்தின் சிதைவாகவும், திறனாய்வில் நோக்கத்தின் திரிபாகவும் வெளிப்படுகின்றது.

ஆகவே ஒரு படைப்பைப் பகடி எனக் குறிப்பிடுமுன் திறனாய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதற்கு மூலப்பனுவல் உண்டா? உண்டெனின் மூலத்தின் எக்கூறு நிலைநிறுத்தப்பட்டு எக்கூறு மாற்றப்பட்டுள்ளது? அம்மாற்றத்தின் இலக்கு மூலமா, பிறிதொன்றா? முதல் வினாவிற்கு 'இல்லை' என்பது விடையாயின் அங்கதம், எள்ளல் முதலிய பழஞ்சொற்களே போதும். 'உண்டு' என்பது விடையாயின், அந்த மூலத்தையும் வாசகர் முன் வைப்பது திறனாய்வாளரின் கடமையாகின்றது. மூலம் மறைந்தபின் எஞ்சுவது வேடிக்கைப் பாட்டு மட்டுமே.